அடுக்களையைப் புதுப்பிக்கும்போது காசை எங்கே போடுவது?

கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் கீழ வந்து பாரேன்மா" என்றபோது, குக்கரில் மூன்றாவது விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால், அவர்கள் சமையலறைக் கூரையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. நேர் கீழே, மேடைமேல் ஒரு கிண்ணம். அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எங்களுடையது குரோம்பேட்டையில் 1994-இல் கட்டிய ஆறு வீட்டுக் குடியிருப்பு. நாங்கள் மேல்மாடி. வீட்டுக்குள் வரும் பைப்பெல்லாம் அந்தக் காலத்து ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம்தான் மாடுலர் கிச்சன் போடலாம் என்று ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கி வந்திருந்தோம். வண்ணப் படமெல்லாம் போட்டு 3 லட்சத்து 80 ஆயிரம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள் இப்போது உள்ளபடியே இருக்கும். அதாவது, முப்பது வருஷத்து இரும்புக் குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் பளபளவென்று ஒரு அலமாரியை நிறுத்துவார்கள். முதலில் படித்தபோது அந்த வரி கண்ணில் படவே இல்லை. கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் பட்டது.

மறுநாள் எங்கள் தெருவுக்கெல்லாம் வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணன் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். சுத்தியலை வெளியே எடுப்பதற்கு முன் கேள்விதான் கேட்டார்: "ராத்திரியும் சொட்டுதா, இல்ல பாத்திரம் கழுவறப்ப மட்டுமா?" இந்தக் கேள்வி எவ்வளவு பெறுமானம் என்று அப்புறம்தான் புரிந்தது. தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அதில் ஓட்டை என்றால் இராப்பகலாகச் சொட்டும். கழிவுநீர்க் குழாயில் ஓட்டை என்றால் சிங்க்கைப் பயன்படுத்தும்போது மட்டும் கசியும், மற்ற நேரம் காய்ந்திருக்கும். ராத்திரியும் சொட்டுகிறது என்றார் கீழ்வீட்டு அக்கா. சமையலறைக்கு வரும் வால்வை இரவு முழுக்க மூடி வைத்துவிட்டு, காலையில் கிண்ணத்தைப் பார்க்கச் சொன்னார். கிண்ணம் காலி. அப்படியானால் வருகிற குழாய்தான். ஒருவேளை சொட்டு நிற்கவில்லை என்றால், சிங்க்கில் வண்ணம் கரைத்த தண்ணீரை ஊற்றி, கீழே அந்த நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்ப்பாராம். எந்த கொட்டேஷனுக்கும் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு ராத்திரிச் சோதனையைச் செய்துவிடுங்கள். செலவே இல்லாதது.

சுவரை வெட்டி எடுத்த எல்போவை, அதாவது குழாய் திரும்பும் இடத்து வளைவுத் துண்டை, என் கையில் கொடுத்தார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. உள்ளே துருவும் உப்புப் படிவும் சேர்ந்து, அரை அங்குல வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் துரு தின்று குண்டூசித் துளை. "குழாய்ல தண்ணி கம்மியா வருதுன்னு டேப்பை மாத்திருப்பீங்களே?" என்றார். மாற்றியிருந்தோம், இரண்டு தடவை.

முன்னால் இருந்த மூன்று வழிகள்

முதல் வழி, ஒட்டுப் போடுவது. பழுதான துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புது எல்போ வைத்து, சுவரைப் பூசிவிடுவது. ஒரு நாள் வேலை, 6,500 ரூபாய் கேட்டார். இரண்டாம் வழி, வருகிற பைப்பு, போகிற பைப்பு இரண்டையும் முழுக்க மாற்றி, மேடைக் கல்லும் சிங்க்கும் புதிதாகப் போட்டு, கீழே இருக்கும் கடப்பா கல் அடுக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு கதவு மட்டும் போடுவது. கொத்தனார், பிளம்பர், கதவு போடுகிறவர் என்று தனித்தனியாகப் பேசியதில் மொத்தம் 1 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. மூன்றாவது, அந்த மாடுலர். அதில் பைப்பு வேலை சேராததால், உண்மையான செலவு நாலேகாலைத் தொடும்.

வாடகைக்கு விட்ட வீடு, அல்லது இரண்டு வருஷத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் முதல் வழி போதும். அதில் தப்பே இல்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டில் அது வேலைக்கு ஆகாது. பழைய ஜி.ஐ. பைப்பில் ரெஞ்சைப் போட்டுத் திருகினால், பக்கத்து இணைப்பின் மரையும் அசையும். சணல் சுற்றி வார்னிஷ் தடவி முறுக்கிய மரை, முப்பது வருஷத்தில் துருவோடு துருவாக இறுகியிருக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதற்கு இரண்டடி தள்ளி அடுத்த வருஷம் கிண்ணம் வைக்க வேண்டியிருக்கும். தவிர, கீழ்வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடித்துக் கொடுக்கும் செலவும் நம் தலையில்தான்.

மூன்றாவது வழி யாருக்கு? சமையலறையின் அமைப்பே தப்பாக இருப்பவர்களுக்கு. மேடை ஒரு பக்கம், சிங்க் எதிர்ப்பக்கம், நடுவில் பிரிட்ஜ் என்று நாள் முழுக்க நடக்க வைக்கும் அறை என்றால், எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நியாயம். எங்கள் அறை 10-க்கு 8. ஒரே எல் வடிவ மேடை. அமைப்பில் குறை இல்லை. ஆக, போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான், அதுவும் என் மனசுக்குள். வீட்டுக்காரர் "உனக்கு எது சௌகரியமோ" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அத்தை மட்டும், "கடப்பா கல்ல எடுக்காத, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்றார்.

எந்தப் பைப்பு

இதில்தான் அதிகம் யோசித்தேன், ஏனென்றால் பூசி மூடியபிறகு யோசிக்க முடியாது.

மறுபடியும் ஜி.ஐ. போடலாமா என்றால், நம் போர் தண்ணீருக்கு வேண்டாம். பலம் உண்டு, ஆணி அடித்தால்கூடச் சட்டென்று உடையாது. ஆனால் உள்பக்கத் துத்தநாகப் பூச்சு கரைந்தபின் துருப்பிடிப்பதை யாராலும் தடுக்க முடியாது. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோல்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். புறநகரில் பல போர்களில் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் பார்த்தாலே தெரியும், நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று.

வெள்ளை நிற யு.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பு மலிவு, துரு கிடையாது, ஒட்டுவது எளிது. ஆனால் சூடு தாங்காது. கீசர் தண்ணீர் அதில் போகக் கூடாது. வெளிர் மஞ்சள் நிற சி.பி.வி.சி. விலை கூடுதல். ஆனால் 93 டிகிரி வரை தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வீட்டுக் கீசர் அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண் பைப்பின்மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். இதுபோக, பச்சை நிறத்தில் வரும் பி.பி.ஆர். பைப்பு உண்டு. இது பசை போட்டு ஒட்டுவதில்லை. 260 டிகிரியில் சூடேறும் கருவியில் இரண்டு முனையையும் இளக்கி ஒன்றாக அழுத்திவிடுவார்கள். சரியாகச் செய்தால் இணைப்பும் பைப்பும் ஒரே துண்டு. சரி, அப்படியென்றால் அதையே போடலாமே? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பைப்பு சேரும் ஒரு டீ இணைப்பு உடைந்தால், அந்தக் கருவியோடு வருகிற ஆள் உங்கள் தெருவில் கிடைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் கிடைக்க மாட்டார். சி.பி.வி.சி. பசை டப்பா மூலைக் கடையிலேயே கிடைக்கும். பழுதுபார்க்க ஆள் கிடைப்பதும் ஒரு தரம்தான்.

சூடு தண்ணீர் வராத குழாய்க்கும் நான் சி.பி.வி.சி.யே போடச் சொன்னேன். வித்தியாசம் சில ஆயிரம்தான். பத்து வருஷம் கழித்து யாராவது சிங்க்குக்குக் குட்டி கீசர் மாட்ட நினைத்தால், எந்தக் குழாய் எது என்று சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டாம். ஒரே இடத்தில் மட்டும் கறாராக இருந்தேன். டேப்பு திருகும் முனையெல்லாம் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங். பிளாஸ்டிக் மரையில் டேப்பை ஒரு சுற்று அதிகமாக முறுக்கினால் மயிரிழைபோல் விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது, பூச்சு காய்ந்தபிறகு தெரியும்.

சுவருக்குள்ளா, வெளியிலா என்பது அடுத்த கேள்வி. எல்லாம் உள்ளே புதைந்தால் பார்க்க அழகு. ஆனால் மேடைக்குக் கீழே கதவுக்குப் பின்னால் ஓடும் பைப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே கிளாம்பு போட்டு வெளியிலேயே ஓட்டினோம். மேடைக்கு மேலே டேப்புக்கும் வாட்டர் பியூரிஃபையருக்கும் ஏறும் ஒரு நாலடி மட்டும் சுவருக்குள். இதனால் இடிப்பும் குறைந்தது, டைல்ஸும் தப்பியது. அலமாரிக்குள் ஒரு கை நீளம் இடம் போகிறதே என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். போகட்டும்.

பசை போட்ட இணைப்பு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அப்புறம் கை பம்ப் வைத்து 10 கிலோ அழுத்தம் ஏற்றி, கேஜின் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "அதெல்லாம் தேவையில்லம்மா, நான் போட்டது" என்று எந்த பிளம்பரும் சொல்வார். எங்கள் அண்ணனும் சொன்னார். பம்ப் வாடகையை நான் தருகிறேன் என்றேன். முள் கால் மணி நேரத்தில் மெல்ல இறங்கியது. பியூரிஃபையர் முனையில் ஒரு எண்ட் கேப் சரியாக இறுகவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மரையில் டெஃப்லான் நாடா சுற்றி மறுபடி மாட்டினார், அதன்பின் முள் நின்றது.

போகிற பைப்பு, அதாவது வாட்டம்

வருகிற குழாயைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் போகிற குழாயைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கொத்தனார்கள் சொல்லும் வாட்டம்தான் இங்கே எல்லாம். ஒரு அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் இருக்க வேண்டும். ரசமட்டத்தைப் பைப்பின்மேல் வைத்தால் குமிழி லேசாக ஒரு பக்கம் ஒதுங்குவது தெரியும். வாட்டம் இல்லாத பைப்பில் தண்ணீர் தேங்கும், எண்ணெய் படியும், அப்புறம் மாதம் ஒருமுறை அடைப்பு.

இந்த வாட்டம்தான் சிங்க்கின் ஆழத்தைத் தீர்மானிக்கும் என்று எந்தக் கடையிலும் சொல்வதில்லை. எனக்கு 10 அங்குல ஆழத் தொட்டிமேல் ஆசை. இட்லிப் பானையே உட்காரும். ஆனால் எங்கள் வீட்டில் கழிவு வெளியேறும் சுவர்த்துளை தரையிலிருந்து 18 அங்குலத்தில் இருக்கிறது. மேடை 33 அங்குலம். கல்லின் கனம், தொட்டியின் ஆழம், அதன் கீழே ஜாலியும், நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பும் தொங்கும் நீளம் எல்லாம் கழித்துப் பார்த்தால், 10 அங்குலத் தொட்டியின் தண்ணீர் துளைக்கு ஏறிப் போக வேண்டும். துளையை இறக்கலாம். அதற்கு வெளியே நிற்கும் பைப்பில் டீ இணைப்பை மாற்ற வேண்டும், மூன்றாம் தளத்து உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். ஆசையை 8 அங்குலத்துக்குக் குறைத்துக்கொண்டேன். சிங்க் வாங்கக் கடைக்குப் போகும்போது அளவு டேப்பால் இந்த உயரங்களை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

சிங்க்கின் தரம் பற்றி ஒரு வார்த்தை. 304 தர ஸ்டீலில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கல் குறைவு, அதை ஈடுகட்ட மாங்கனீஸ் சேர்ப்பார்கள். நாள்பட உப்புத் தண்ணீரில் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். 202-இலும் காந்தம் ஒட்டாது! அந்தச் சோதனையில் இரண்டும் பாஸ். சிங்க்கில் பொறித்திருக்கும் தர எண்ணையும் பில்லில் எழுதித் தருகிறார்களா என்பதையும் பாருங்கள்.

தொட்டிக்குக் கீழே என்ன மாட்டுவது? பெரும்பாலான வீடுகளில் வளையம் வளையமாக நெளியும் வேஸ்ட் பைப்புதான். நூறு சொச்சம் ரூபாய். அந்த வளையம் ஒவ்வொன்றிலும் எண்ணெயும் மாவும் உட்காரும். போதாக்குறைக்கு நேராக வெளித்துளையில் செருகியிருப்பதால் நாற்றமும் கரப்பானும் அதே வழியில் வரும். இவற்றைத் தடுப்பது டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான். பாட்டில் டிராப் இடம் அடைக்காது, அடிக் கிண்ணத்தைத் திருகினால் கையோடு வரும். ஆனால் உள்ளே வழி குறுகல். தேங்காய்த் துருவலும் டீத்தூளும் அதில் சீக்கிரம் தங்கும். வளைந்த பி டிராப்பில் தண்ணீர் விசையாக ஓடித் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், கொஞ்சம் இடம் கேட்கும். சமையலறைக்கு பி டிராப், முகம் கழுவும் பேசினுக்கு பாட்டில் டிராப் என்பது என் கணக்கு. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தால் பதற வேண்டாம். டிராப்பில் நின்ற தண்ணீர் காய்ந்திருக்கும், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு, வடித்த கஞ்சி. கொதிக்கக் கொதிக்கச் சோற்றுப் பானையை சிங்க்கில் கவிழ்த்து வடிக்கிறோம். பி.வி.சி. 80 டிகிரிச் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். தினமும் இப்படி ஊற்றினால் டிராப்பின் வாஷரும் இணைப்பும் கோணலாகும். அத்தை கஞ்சியைப் பாத்திரத்தில் வடித்து ஆறவைத்து, உப்புப் போட்டுக் குடிப்பார். பைப்புக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது என்பது அவர் கட்சி. குடிக்காதவர்கள் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே ஊற்றலாம்.

கல்லும் கதவும்

பழைய மேடையும் கடப்பா கல்தான். அது சுண்ணாம்புக் கல் இனம். எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் தின்றுவிடும். முப்பது வருஷத்துச் சாம்பார் வரலாறு அதன்மேல் வெள்ளை வெள்ளையாக எழுதியிருந்தது. புதிதாகக் கிரானைட்டா, குவார்ட்ஸா என்று பார்த்தோம். குவார்ட்ஸ் அழகு, ஒரே சீரான நிறம், மஞ்சள் கறை எளிதில் ஊறாது. ஆனால் அது கல்தூளை ரெசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைத்தால் ரெசின் கருகித் தழும்பு விழும். எங்கள் வீட்டில் வாணலியை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் மனசில் இருந்தது. அந்தக் கல்லை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுகிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் குவார்ட்ஸில் இருக்கும் அளவு இல்லை. எதுவானாலும் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வைத்து அறுக்க விடாதீர்கள்.

கிருஷ்ணகிரியும் மேலூரும் இருக்கிற மாநிலத்தில் கிரானைட்டுக்கு என்ன பஞ்சம்? கறுப்புக் கல் எடுத்தோம். வெளிர் நிறக் கல் என்றால் எண்ணெய் ஊறும், சீலர் தடவ வேண்டும். கல்லின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு கோடு கிழித்தாற்போல் காடி போடச் சொன்னோம். மேடையில் வழியும் தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாக உள்ளே ஓடிக் கதவுக்குப் போகாமல் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும். இதற்குக் கொத்தனார் தனியாகக் காசு வாங்கவில்லை.

கதவு, அலமாரி விஷயத்தில் மாடுலருக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். இழுப்பறை. கடப்பா அடுக்கில் பின்னால் இருக்கும் டப்பாவை எடுக்க முட்டி போட வேண்டும், இழுப்பறையில் எல்லாமே கைக்கு வரும். நாற்பதைத் தாண்டிய இடுப்புக்கு அது சுகம்தான். ஆனால் அந்தப் பெட்டிகளை எந்தப் பலகையில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். விலை குறைந்த மாடுலரில் மரத்தூள் பலகை இருக்கும். லேமினேட் ஓரம் ஒரு இடத்தில் பெயர்ந்து தண்ணீர் பட்டால், ரஸ்க் மாதிரி ஊறிப் பெருத்துவிடும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை கேளுங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பிரியாத பசை வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. ஐ.எஸ். 303 முத்திரையும் பிளைவுட்தான், ஆனால் தண்ணீர் படும் சமையலறைக்கு 710-தான் நிம்மதி. இப்போது எங்கு பார்த்தாலும் போடும் பி.வி.சி. கதவு தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது, சூட்டுக்கு அஞ்சும். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியில் செய்தது கலப்படம். அடுப்புக்குக் கீழே 710 பிளைவுட்டில் மூன்று இழுப்பறை. மற்ற இடங்களில் பழைய கடப்பா அடுக்குகள், முன்னால் அலுமினியச் சட்டம் போட்ட கதவு. சிங்க்குக்குக் கீழே மட்டும் பலகையே இல்லை, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட அலுமினியக் கதவு. எந்த வீட்டிலும் முதலில் ஊறிப்போவது அந்த சிங்க் அடிப்பெட்டிதான். விருந்தினர் வந்தால் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அத்தைக்குத் திருப்தி.

டேப்பு வாங்குமுன் தலைக்கு மேலே பாருங்கள்

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் எங்கள் சமையலறை டேப்பிலிருந்து மூன்று மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். ஆக, பாயிண்ட் மூன்று பார். வெளிநாட்டு வடிவத்தில் ஒற்றைக் கைப்பிடியோடு வரும், சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் டேப்பு பலவும் இதைவிட அதிக அழுத்தத்துக்குச் செய்தவை. கடையின் காட்சிப் பலகையில் பம்ப் போட்டுக் காட்டும்போது பொங்கும், வீட்டில் மாட்டினால் ஒன்றுக்குப் போகிற மாதிரி வரும். மேல்மாடிக்காரர்கள் சுவரில் மாட்டும் சாதாரணக் கழுத்து நீண்ட டேப்பு வாங்கினால் போதும். குடத்தையும் அண்டாவையும் கீழே வைக்க இடமும் இருக்கும். கல்லில் துளை போட்டு நிற்க வைக்கும் டேப்பில், அந்தத் துளை வழியாகக் கசிந்து கீழே அலமாரிக்குள் சொட்டும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

பழைய மாதிரி, பல சுற்றுத் திருகும் டேப்பு சொட்டினால் சில ரூபாய் ரப்பர் வாஷரில் சரியாகும். கால் சுற்றில் திறக்கும் செராமிக் டிஸ்க் டேப்பு வருஷக்கணக்கில் சொட்டாது. ஆனால் மணல் வரும் போர் தண்ணீரில் டிஸ்க்கில் கீறல் விழுந்தால் உள்பகுதியை முழுசாக மாற்ற வேண்டும், அந்தக் கம்பெனி உதிரி கிடைக்க வேண்டும். எங்கள் தொட்டியில் மணல் படிவதில்லை, அதனால் கால் சுற்று. சொட்டுவதை அலட்சியம் செய்கிறவர்கள் ஒரு டம்ளரை வைத்துப் பார்க்கலாம். 200 மில்லி டம்ளர் இருபது நிமிஷத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது.

நாமே செய்துகொள்ளும் வேலைகள்

வாஷர் மாற்றத் தெரிந்துகொள்ளுங்கள். டேப்புக்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வை மூடி, டேப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, சிங்க்கின் ஜாலிமேல் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். துணி எதற்கென்றால், திருகு ஆணி எப்போதும் துளையைத் தேடித்தான் விழும். கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றி, அடியில் நசுங்கியிருக்கும் ரப்பரை எடுத்து, அதே அளவில் புதிது. டெஃப்லான் நாடாவை மரை முறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். இதை நான் மூன்று முறை தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன்.

ஆங்கிள் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். வருஷக்கணக்கில் தொடாத வால்வு உப்பேறி இறுகிக்கொள்ளும், அவசரத்துக்குத் திருகினால் கைப்பிடிதான் கையோடு வரும். டேப்பு வாயில் உள்ள சல்லடையைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் போட்டால் உப்பு கரைந்து தண்ணீர் பழைய வேகத்தில் வரும்.

அடைப்புக்கு ஆப்ப சோடாவும் வினிகரும் போடச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு மிச்சம் நிற்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அதைவிட, டிராப்புக்கு அடியில் ஒரு வாளியை வைத்து, கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவது பத்து நிமிஷ வேலை. மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆசிட் ஊற்றுவது என் வீட்டில் கிடையாது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அடுக்களையில் அது உயிர்ப் பிரச்சனை. காஸ்டிக் சோடா ஊற்றிய பைப்பை உடனே கழற்றப் போகும் பிளம்பருக்கு அதை மறக்காமல் சொல்லுங்கள், கை வெந்துவிடும். சுவருக்குள் கசிவு, வெளிப்பைப்பில் அடைப்பு, கேஸ் இணைப்பு, இந்த மூன்றுக்கும் ஆளைக் கூப்பிடுவதுதான் சரி.

வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கீழ்வீட்டுக் கூரை காய இரண்டு மாதம் எடுத்தது. ஈரத்தின்மேல் பெயிண்ட் அடித்தால் உரியும் என்று அக்காவே பொறுத்திருந்து, பிறகு அடிக்கச் சொன்னார். ஒரு குறை இருக்கிறது. அலுமினியக் கதவு மூடும்போது டப்பென்று சத்தம் போடுகிறது. மாடுலர் காட்டிய கடையில் கதவு பூனை மாதிரி மூடியது நினைவுக்கு வருகிறது.

பூசுவதற்கு முன், சுவருக்குள் போகும் அந்த நாலடி பைப்பை, பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்திருந்தேன். அச்சுப் போட்டு சிங்க் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் புது பியூரிஃபையர் மாட்ட வந்த பையன், டிரில்லிங் மிஷினைச் சுவரில் அழுத்திக்கொண்டே, "அக்கா, இங்க பைப்பு எதுவும் போகலல்ல?" என்றான். கதவைத் திறந்து படத்தைக் காட்டினேன். மிஷினை மூன்று அங்குலம் வலப்பக்கம் தள்ளி வைத்தான்.